லாலாகுடா கத்தி உறைகளைத் தைத்த கை

செகந்திராபாத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் மெட்ரோவில் போகலாம் என்று நினைத்தது என் தப்பு. தார்நாகா இரண்டாவது நிலையம் என்று சிநேகிதி வசந்தி சொல்லியிருந்தாள். பையை எக்ஸ்ரே பெட்டிக்குள் தள்ளினேன். மறுபக்கம் வருவதற்குள் பெல்ட் நின்றுவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பாதுகாப்புப் பெண் எழுந்து என்னைப் பார்த்தார். என் வயதைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"நாலு கத்தி இருக்கே?" என்று இந்தியில் கேட்டார்.

"ஆமாம்."

"எதுக்கு?"

"தோல் வெட்ட."

"யார் தோலை?"

வரிசையில் என் பின்னால் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். நான் குரோம்பேட்டையில் தோல் பொருள் செய்யும் இடத்தில் பேட்டர்ன் மேக்கர் என்றும், பைக்கும் பர்ஸுக்கும் அளவு வெட்டிக்கொடுப்பது என் வேலை என்றும், இவை பழைய தொழிற்சாலைக் கத்திகள் என்றும் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் ஒரு கத்தியை உறையிலிருந்து உருவிப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வாசலைக் காட்டினார். "ஆட்டோல போங்க."

ஆட்டோவில் போனேன்.

எனக்கு அவசியம் கத்திகள் அல்ல, உறைகள்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் பழைய கத்தி வாங்குவது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். சமையல் கத்தி இல்லை, பட்டறைகளில் ஆட்களுக்குக் கொடுத்த கத்தி. அகலமான அலகு, சாய்வாக வெட்டிய முனை, மரப்பிடி, மூன்று பித்தளை ஆணி. அலகில் இருக்கும் முத்திரையை வைத்து எந்த ஊர்த் தொழிற்சாலை, எந்தக் காலம் என்று கண்டுபிடித்துவிடலாம். அதற்கென்றே பட்டியல் வைத்திருப்பவர்கள் உண்டு. உறையைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. கத்தி ஒரு இடத்தில் பிறக்கிறது. உறை அது வேலைக்குப் போன இடத்தில், யாரோ ஒருவர் கையில் பிறக்கிறது.

என்னிடம் இருந்த கத்திகளில் நான்குக்கு ஒரே மாதிரி உறை. ஒரே தோல், ஒரே வெட்டு, ஒரே தையல். இரண்டு ஊசி வைத்துத் தோலைத் தைத்தால் ஒவ்வொரு தையலும் கொஞ்சம் சாய்ந்து விழும். வலது கைக்காரர் தைத்தால் ஒரு பக்கம், இடது கைக்காரர் தைத்தால் மறு பக்கம். இந்த நான்கும் மறு பக்கம் சாய்ந்திருந்தன. ஆக, தைத்தது ஒரே ஆள், இடது கை ஆள்.

போன மாதம் அதில் ஒன்றின் தையல் பிரிந்துபோய் சரிசெய்ய உட்கார்ந்தேன். இரண்டு தோலுக்கும் நடுவில் விறைப்புக்காக ஒரு அட்டை. எடுத்துப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகையின் துண்டு. மூலையில் மஞ்சள் தடவிய கறை. கத்தரித்தது போக மிஞ்சியிருந்த எழுத்து இவ்வளவுதான்: "ரயில்வே குடியிருப்பு, லாலாகுடா." தமிழில்.

எங்கள் அலுவலகத்தில் பழைய கருவிகளை வைத்து ஒரு சிறு கண்காட்சி ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் வைக்கும் அட்டையை எழுதுவது என் பொறுப்பு. உறைக்கு என்ன எழுதுவது என்று கேட்டதற்கு மேலாளர், "தெரியவில்லைன்னு போடுங்க, யார் கேக்கப் போறாங்க" என்றார். நான் நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

வசந்தியும் நானும் ஒரே கல்லூரி. அவள் கணவர் ராகவன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தார்நாகாவில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் உறைகளை மேசையில் எடுத்து வைத்தேன். வசந்தி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"லெதரா? சாப்பிடற எடத்துல வெக்காதேடி. பால்கனியில வை."

"உன் ஹேண்ட்பேக் என்ன?"

"அது ஹேண்ட்பேக்."

சாப்பாடு வத்தக்குழம்பு, கோங்குரா துவையல். கும்பகோணத்துக்காரியின் கையில் கோங்குரா நன்றாகத்தான் வந்திருந்தது. "ஆந்திராக் காரம் இல்ல, தஞ்சாவூர்க் காரம் போட்டிருக்கேன்" என்றாள். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததுதான் தெரிந்தது. ராகவன் ஒரு உறையைக் கையில் எடுத்து, விஞ்ஞானி பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "லாலாகுடா பக்கத்துலதான். ஆனா தைச்சவன் இருப்பானா?" என்றார். தைத்தவன் என்றுதான் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை தெருமுனை வண்டியில் தோசை. நெய்யைத் தடவி, நடுவில் ஒரு கரண்டி உப்புமாவை வைத்து மடித்துக் கொடுக்கிறார்கள். தோசைக்குள் உப்புமா என்றால் எங்கள் ஊரில் மிச்சத்தை ஒழிக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே அதற்குத்தான் கூட்டம்.

லாலாகுடா ஒரே இடம் என்று நினைத்திருந்தேன். வடக்கு, தெற்கு என்று இரண்டாம். ஆட்டோக்காரர் ஒன்றில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் தேடிய ரயில்வே பட்டறையின் வாசல் மற்றொன்றில். கேட்டுக் கேட்டு நடந்தேன். சைக்கிளில் வந்த ஒருவர் நின்று, நான் எதையும் கேட்கும் முன்பே, "தமிழா?" என்றார். எப்படித் தெரிந்தது என்றேன். "ரோடைக் கிராஸ் பண்ணாம நிக்கிறீங்களே" என்றார்.

வாசலில் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். எதிரே டீக்கடை. கெட்டியான இரானி டீயும் உப்பு பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு உறையை மேசையில் வைத்தேன். கத்தியை மெட்ரோ அனுபவத்துக்குப் பிறகு வசந்தி வீட்டிலேயே விட்டுவிட்டேன். கடைக்காரர் உறையைப் பார்த்தார். "ட்ரிம்மிங் ஷாப் சாமான்" என்றார். ரயில் பெட்டிகளுக்கு சீட்டு தைக்கிற பிரிவுக்கு அந்தப் பெயர். "தாஸ் சாபைக் கேளுங்க. மூணாவது சந்து, பச்சை கேட்."

ஆரோக்கியதாஸுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வெள்ளை பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, நரம்பு புடைத்த முன்கை. தனியாக இருக்கிறார். கூடத்துச் சுவரில் அவர் மனைவி ஸ்டெல்லாவின் படம், அதற்குச் சின்ன விளக்கு. பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ்.

உறையைக் கொடுத்தேன். வாங்கியவர் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க? கைக்கு?" ஏன் என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ் என்று அந்த ஊர் இந்தி அவர் தமிழில் கலந்திருந்தது.

"யார் செஞ்சதுன்னு தெரிஞ்சுக்கணும் சார்."

"ஹவ் மா, நம்ம ஷாப்துதான். கத்தி ஸ்டோர்ஸ்லேர்ந்து வரும். உறை வராது. எல்லாரும் இடுப்புல சொருவிகினு அலைவோம். ஒருத்தன் சைக்கிள்லேர்ந்து எறங்கறப்ப தொடையைக் கிழிச்சிகினான். பதினாலு தையல். அதுக்கப்புறம்தான் உறை."

"தோல்?"

"மிஷின் பெல்ட்டு. பழைய மிஷினுங்களைக் கழட்டறப்ப பெல்ட்டு எல்லாம் கழிச்சிக் கட்டினது. தூக்கிப் போடற சாமான்."

அதனால்தான் அந்தத் தோலில் இன்னும் எண்ணெய் வாசனை. மிஷின் பெல்ட்டாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தது சரியாக இருந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

"தைச்சது யார் சார்?"

அவர் சான்றிதழைக் காட்டினார். ஆங்கிலத்தில், பாதுகாப்புக்காகக் கத்தி உறைகளை வடிவமைத்துச் செய்துகொடுத்ததற்காக ஆரோக்கியதாஸுக்கு என்று இருந்தது. எனக்கு என் வேலை முடிந்துவிட்டது என்றே தோன்றியது. நோட்டில் பெயரை எழுதிக்கொண்டேன். சும்மா, ஆசைக்காக, என் பையிலிருந்து குத்தூசியும் மெழுகு நூலும் ஒரு தோல் துண்டும் எடுத்து, "ரெண்டு தையல் போட்டுக் காட்டறீங்களா?" என்றேன்.

போட்டுக் காட்டினார். அருமையான தையல். வலது கை. வலது கைக்கான சாய்வு.

உறையைப் பக்கத்தில் வைத்தேன். அவரும் பார்த்தார்.

"இது வேற கை சார்" என்றேன்.

"வயசாச்சுமா. கை மாறிப் போச்சு" என்றார். பிறகு மாத்திரை போட வேண்டும் என்று எழுந்தார். நானும் எழுந்துவிட்டேன்.

மாலையில் வசந்தி வீட்டு பால்கனியில் உட்கார்ந்து உறைகளை மறுபடி பார்த்தேன். தையல் முடியும் இடத்தில், தோல் வேலைக்காரர்கள் செய்வதுபோல் நூலைத் திருப்பி இழுத்து வெட்டாமல், சின்னதாக ஒரு முடிச்சு. இத்தனை வருஷத்தில் எந்தப் பட்டறையிலும் நான் பார்க்காத முடிச்சு. வசந்தி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கடைசியில் உறையைக் கையில் வாங்கிக்கொண்டாள், லெதர் என்பதை மறந்து.

"இது கொக்கி வைக்கிற முடிச்சுடி."

"என்ன?"

"கண்ணு எடுத்துட்டு நூலை முடிப்போமே, அது. இந்தா பாரு." தன் ரவிக்கையை உறைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே முடிச்சு. "இதைத் தைச்சது பொம்பளை. ரவிக்கை தைக்கிற பொம்பளை. உனக்குத் தெரியாது, நீ ரவிக்கையைக் கடையில குடுக்கிறவ."

மூன்றாம் நாள் வசந்தியும் கூட வருவேன் என்றாள். "எனக்குத் தூக்கமே வரலை. யாருன்னு தெரியணும்" என்றாள். பேருந்தில் போனோம். பாதி வழியில் அது நின்றுவிட்டது. நடத்துனர் இறங்கி ஓட்டுனரிடம் என்னவோ கத்தினார். வசந்தி எனக்கு மொழிபெயர்த்தாள்: "நேத்தே சொன்னேன், நீ கேக்கல, இன்னிக்கு நீயே தள்ளுன்னு சொல்றார்." மிச்சத்தை நடந்து போனோம்.

ஆரோக்கியதாஸ் எங்களைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துவிட்டார். கேள்வியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர் மாதிரி இருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"தைச்சது ஒரு பொம்பளை சார். இடது கை. ரவிக்கை தைக்கத் தெரிஞ்சவங்க. யாரு?"

அவர் ஸ்டெல்லாவின் படத்தைப் பார்த்தார். ஸ்டெல்லாதானோ என்று நினைத்தேன்.

"சரோஜா" என்றார். "பக்கத்து வூடு. முனுசாமி பொண்டாட்டி. அவன் இப்ப உயிரோட இல்ல. நானும் முனுசாமியும் ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தோம்."

பிறகு அவரே சொன்னார். உறை வேண்டும் என்று மேஸ்திரி கேட்டபோது பிரிவில் யாருக்கும் நேரம் இல்லை. தீபாவளிக்குள் அனுப்ப வேண்டிய பெட்டிகள் வரிசையில் நின்றன. சரோஜா தெருவுக்கே ரவிக்கை தைப்பவள். மேஸ்திரிக்குத் தெரிந்தே, கழித்துக்கட்டிய பெல்ட் தோல் அவள் வீட்டுக்குப் போயிற்று. அளவு எடுத்தது, வெட்டியது, தைத்தது எல்லாம் அவள்தான். இடுப்பு பெல்ட்டில் மாட்டுகிற மடிப்புகூட அவள் யோசனை.

"அப்புறம் ஏன் சார் உங்க பேர்?" வசந்தி கேட்டுவிட்டாள்.

"மேலேர்ந்து ஆபீசர் வந்து பாத்தாரு. யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. நான் சரோஜா பேரைச் சொல்லத்தான் போனேன். முனுசாமி என் கையைப் புடிச்சி இஸ்தான். அவன் தங்கச்சிக்கு ஊர்ல கல்யாணம் பேசிகினு இருந்த சமயம். அண்ணி ஊட்ல குந்திகினு தோல் தைக்கிறான்னு தெரிஞ்சா மாப்ள ஊட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கன்னான். உன் பேரைச் சொல்லிடுன்னான்."

"அவரே தோல் வெட்டற ஷாப்லதானே இருந்தார்?"

"அது ரயில்வே வேலைமா. ஊர்ல ரயில்வேன்னாப் போதும், உள்ள என்னா வெட்டறேன்னு எவன் கேப்பான்? ஊட்ல பொம்பளை தைச்சா அது வேற."

வசந்தி தன் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரோஜாகிட்ட முனுசாமி என்ன சொன்னார்?" என்றேன்.

"தாஸு தன் பேரைப் போட்டுகினான்னு சொல்லிட்டான். அன்னிலேர்ந்து அது என்கூடப் பேசறதில்ல. ஸ்டெல்லாகூடவும் பேசறதில்ல. அதுங்க ரெண்டும் அப்படி ஒரு சிநேகிதம். ஒரே அடுப்புல கொழம்பு வெப்பாங்க. பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து வூட்ல இருந்தோம், ஒரு வார்த்தை இல்ல. ஸ்டெல்லா செத்தப்பகூட வரல."

"நீங்க சொல்லியிருக்கலாமே. முனுசாமி போனப்புறமாவது" என்றேன்.

"செத்தவன் மேல பழி போட்டா யாருமா நம்புவாங்க?" சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தார். "அது மட்டும் இல்ல. பொய் சொல்லக் கூடாது. எனக்கும் ஆசை இருந்துச்சு. நூறு பேர் கை தட்டினாங்க. வேணாம், நக்கோன்னு நான் சொல்லல."

சரோஜா இப்போது மகனோடு கச்சிபௌலியில் இருக்கிறார் என்றார். லாலாகுடாவில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் நம்பர் கிடைத்தது. நான் எழுதிக்கொள்ளும்போது அவர் என் நோட்டின் மேல் கையை வைத்தார்.

"அது தைச்சதுன்னு நான் ஒத்துகினேன்னு சொல்லுங்க. முனுசாமி சொன்னதைச் சொல்ல வேணாம். என்னைத் திட்டிப் பழகிடுச்சு, திட்டட்டும்."

"நானா சொல்ல மாட்டேன் சார். ஆனா அவங்க கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

வசந்தி தார்நாகாவில் இறங்கியபிறகு, "பதினோரு வருஷம் பக்கத்து வீட்ல" என்றாள். அவ்வளவுதான்.

நான்காம் நாள் மெட்ரோவில் ஏறினேன். இந்த முறை உறைகள் மட்டும். திரைக்கு முன் இருந்த இளைஞர் நான்கு காலி உறைகளையும் பார்த்துவிட்டு, "கத்தி எங்கே?" என்றார். கத்தி இருந்தால் பயப்படுகிறார்கள், இல்லாவிட்டால் இன்னும் பயப்படுகிறார்கள். வீட்டில் இருக்கிறது என்று நிரூபிக்க வசந்திக்கு வீடியோ கால் போட்டேன். அவள் நான்கு கத்திகளையும் விசிறிபோல் பிடித்துக் காட்டினாள். அந்த இளைஞர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

கடைசி நிலையத்தில் இறங்கி வண்டி பிடித்தால், கச்சிபௌலியில் நடந்துபோவது அதைவிட வேகம் என்று தெரிந்தது. கம்பெனி வேன்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நிற்கின்றன. எல்லா ஜன்னலிலும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தூங்குகிற முகம். ஓட்டுனர் ஏசியை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து, பக்கத்து வண்டிக்காரரிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். அடுக்குமாடி வாசலில் என் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பதினேழாவது மாடி.

கதவைத் திறந்தது சரோஜாவே. அறுபத்தைந்து இருக்கும். ஒல்லி, உயரம், கழுத்தில் அளவு நாடா. சமையலறையை ஒட்டிய சின்ன அறை முழுக்கப் பைகள். லேப்டாப் பை, தோள்பை, பிய்ந்த பெல்ட், ஜிப் போன சூட்கேஸ். அந்தக் கட்டடத்தில் இருநூறு வீடு. பை பிய்ந்தால் எல்லாரும் பதினேழாவது மாடிக்குத்தான் வருகிறார்களாம். "புதுசு வாங்க இவங்களுக்கு நேரம் இல்ல. ஆன்லைன்ல வாங்கினது ஆறு மாசத்துல பிஞ்சு போவுது. எனக்கு வேலைக்குக் குறைச்சலே இல்ல" என்றார். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். பேசும்போதே ஒரு பையின் கைப்பிடியைத் தைத்துக்கொண்டிருந்தார். இடது கையில் குத்தூசி.

நான் எதையும் சொல்லாமல் நான்கு உறைகளையும் அவர் முன் வைத்தேன்.

ஊசியை நிறுத்தினார். ஒன்றை எடுத்து மூக்கருகில் வைத்துக்கொண்டார்.

"பெல்ட் வாசனை போகவே இல்ல பாரு" என்றார். "இது எங்க கெடச்சது உனக்கு?"

"சந்தையில."

"அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெப்பேன். மத்தியானம் தெருவே தூங்கும், அப்ப எடுப்பேன். தண்ணியில ஊறப் போட்டா நாறும். கேட்டா கருவாடுன்னு சொல்லுவேன்." ஒவ்வொன்றாகத் திருப்பினார். பிரித்திருந்த உறையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "யார் இதைப் பிரிச்சது?"

"நான்தான். உள்ள பத்திரிகைத் துண்டு இருந்துச்சு. அதை வெச்சுத்தான் வந்தேன்."

"வீட்டுக்கு வர பத்திரிகை எல்லாம் அதுக்குள்ளதான் போச்சு" என்று சிரித்தார். சிரிப்பு நின்றதும், "லாலாகுடால யாரைப் பாத்தே?" என்றார்.

"ஆரோக்கியதாஸ் சாரை."

"என்ன சொல்லிச்சு? தான் தைச்சதுன்னா?"

"முதல் நாள் அப்படித்தான் சொன்னார். ரெண்டாவது நாள் நீங்கன்னு சொன்னார்."

"இப்பவாவது வாய் வந்துச்சே." கைப்பிடியை மறுபடி எடுத்தார். இரண்டு தையல் போட்டார். "அன்னிக்கு ஏன் சொல்லலையாம்? அதை ஏதாவது சொல்லிச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதை நீங்க அவர்கிட்டயே கேளுங்கம்மா" என்று போனில் நம்பரைப் போட்டு நீட்டினேன்.

வாங்க மாட்டார் என்று நினைத்தேன். வாங்கினார். மணி அடிப்பது எனக்கே கேட்டது.

"சரோஜா பேசறேன்" என்றார். "ஹவ், லாலாகுடா சரோஜாதான்... இங்கதான் இருக்கு அந்தப் பொண்ணு... உறை எல்லாம் பாத்தேன். இல்ல, அது கெடக்கட்டும். எனக்கு ஒண்ணு சொல்லு. ஆபீசர் கேட்டப்ப கைக்கு உன் பேரைச் சொன்னே?"

போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார். அந்தப் பக்கத்துக் குரல் நின்று நின்று வந்தது. வார்த்தை புரியவில்லை. பதினேழாவது மாடி ஜன்னலில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு வாயால சொன்னாரா?" என்றார் ஒரு தடவை. பிறகு, ரொம்ப நேரம் கழித்து, "ஸ்டெல்லாவுக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கம் ஏதோ சொன்னது.

"ஹவ்" என்றார். போனை என்னிடம் கொடுத்தார்.

அப்போது வாசல் மணி அடித்தது. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண், பை தயாரா என்று தெலுங்கில் கேட்டாள். ஐந்து நிமிஷம் என்று சரோஜா தெலுங்கில் சொன்னார். உட்கார்ந்து மிச்சத் தையலைப் போட்டார். அவசரம் இல்லை. முடிவில் அந்தச் சின்ன முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தார். அந்தப் பெண் பையை வாங்கி, கைப்பிடியை இழுத்துப் பார்த்து, தாங்க்ஸ் ஆன்ட்டி என்று லிஃப்டுக்கு ஓடினாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஸ்டெல்லாவுக்குத் தெரியுமாம்" என்றார். "தெரிஞ்சும் என்கிட்ட சொல்லல. என் புருஷனைப் பத்தி எனக்குத் தெரிய வேணாம்னு இருந்துட்டா. தண்ணிக் குழாய்ல எதிர எதிர நிப்போம். நான் முகத்தைத் திருப்பிக்குவேன். அவ திருப்பவே மாட்டா. பாத்துகிட்டே நிப்பா. திமிரு புடிச்சவன்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. நான்கு உறைக்கு ஆள் தேடி வந்தேன். வந்த இடத்தில், செத்துப்போன இரண்டு பேரை அவர் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்த விதத்தையே கலைத்துவிட்டேன். "நான் வராம இருந்திருக்கலாம்மா" என்றேன்.

"வேணாம். அப்படிச் சொல்லாதே" என்றார். "ஞாயித்துக்கிழமை பையனைக் காரை எடுக்கச் சொல்லி ஸ்டெல்லா கல்லறைக்குப் போறேன். தாஸ் எந்த இடம்னு காட்டறேன்னிச்சு." மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "சரி, நீ எதுக்கு வந்தே, அதைச் சொல்லு."

கண்காட்சியைப் பற்றிச் சொன்னேன். உறைக்குக் கீழே தைத்தவர் பெயரைப் போட வேண்டும், அவர் சம்மதித்தால்தான் போடுவேன் என்றேன். இந்தக் கதையையும் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. ஊர்ல இப்ப யாருக்குக் கல்யாணம் நிக்கப் போவுது?"

அட்டையை எடுத்தேன். மற்றவர்களுக்கு எழுதியதுபோலவே, இனிஷியலோடு எழுதி அவரிடம் காட்டினேன்: "தைத்தவர்: மு. சரோஜா, லாலாகுடா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தரம் படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, "மு." என்பதை மட்டும் அடித்துவிட்டு, அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.